ஆறு பர்சன்ட் தூக்கம்

பகலில் தூங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. தூங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். 'தூங்கலை, கண்ணை மூடிண்டு யோசிச்சிண்டிருந்தேன்' என்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் வெகுகாலம் இரண்டாவது ரகத்தில் கௌரவமாக இருந்தவன். மட்டாஞ்சேரியில் ஒரு மழைக்கால மத்தியானம் என்னை அந்த ரகத்திலிருந்து நிரந்தரமாக வெளியேற்றிவிட்டது.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். பாஸ் செய்திருந்தேன். (எப்படி என்று யாரும் கேட்கக்கூடாது.) பாலக்காட்டிலிருந்து எங்கள் குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். கனவு எந்த மொழியில் வரும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது அடிக்கடி வரும் என்பது மட்டும் நிச்சயம். படகுத்துறையில் போய் உட்கார்ந்தேன் என்றால் எதிர்க்கரையில் நிற்கிற ஒவ்வொரு கப்பலிலும் ஏறி ஒவ்வொரு தேசமாகப் போய் இறங்கி, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். அதற்குள் எறணாகுளத்திலிருந்து வந்த போட் திரும்பிப் போயிருக்கும். நான் வாங்கிவரப் போன கறிவேப்பிலை மடியிலேயே வாடியிருக்கும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர் அவர். கனவு காண்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் கூண்டில் ஏறித்தான் பார்த்திருக்கிறார். தேவராவில் ஒரு கம்பெனியில் தெரிந்தவரைப் பிடித்து எனக்கு டைப்பிஸ்ட் இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து அத்திம்பேர், அதாவது என் அக்கா புருஷர், டிரங்க்கால் போட்டார்.

அத்திம்பேர் ஊதுவத்தி செய்துகொண்டிருந்தவர். திடீரென்று கொசுவர்த்திச் சுருளுக்குத் தாவியிருந்தார். "ஊதுவத்தி பகவானுக்கு, கொசுவத்தி மனுஷாளுக்கு. மனுஷாதான் ஜாஸ்தி" என்பது அவர் கணக்கு. சுருளுக்கு 'வெண்ணிலா' என்று பெயர் வைத்திருந்தார். அட்டைப்பெட்டியில் பிறைநிலா, கீழே ஒரு குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கும். மதுரையில் அது சுமாராகத்தான் போயிற்று. மதுரைக் கொசு கடித்துவிட்டுப் போய்விடுகிற கொசு. எங்கள் ஊர்க் கொசு அப்படியல்ல. சாக்கடையும் காயலும் சேர்ந்து வளர்த்த ஜந்து. சாயங்காலமானால் குடும்பத்தோடு வந்து தங்கும். நாங்கள் எல்லாரும் இரண்டு கையாலும் உடம்பைத் தட்டிக்கொண்டேதான் பேசுவோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏதோ கதகளி மிச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"விச்சு, கொச்சியைப் பிடிச்சுட்டா நான் பொழைச்சேன்" என்றார் அத்திம்பேர். அவர் சொன்னதில் மிகை இல்லை. ஊதுவத்திப் பட்டறையை விற்றுத்தான் சுருள் மெஷின் வாங்கியிருந்தார். "அங்கே வர்க்கின்னு ஒருத்தர் ஏஜென்சி வச்சிருக்காராமே. அவர் எடுத்துண்டா ஊர் பூரா எடுத்துண்ட மாதிரியாம். பம்பாய்க் கம்பெனி ஒண்ணும் அவரைச் சுத்திண்டிருக்கு. பத்து பர்சன்ட் கமிஷன் தரேங்கறான். நம்மளால எட்டுக்கு மேல தாங்காது. நீ அஞ்சுல ஆரம்பி. எட்டுக்குள்ள முடி. முடிச்சுட்டா கேரளாவுக்கு நீதான் சேல்ஸ் ரெப்ரசன்டேடிவ்."

அதற்குப் பிறகு அவர் என்னென்னவோ சொன்னார். 'ரெப்ரசன்டேடிவ்' என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே நான் தோல்பையோடு ரயிலில் முதல் வகுப்பில் ஏறிவிட்டிருந்தேன்.

வர்க்கிச் சேட்டனின் ஏஜென்சி பஜார் ரோட்டில் இருந்தது. கீழே கிடங்கு, மேலே ஆபீஸ், அதை ஒட்டி வீடு. சுள்ளிக்கல் பெட்டிக்கடையிலிருந்து இடப்பள்ளி வரைக்கும் சோப்பு, சீப்பு, பல்பொடி எல்லாம் அவர் வழியாகத்தான் போகும். மரப்படியில் ஏறும்போது சுக்கும் மிளகும் ஈரச்சாக்கும் கலந்த ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறினால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஆபீஸின் பின்பக்க ஜன்னல் காயலைப் பார்த்தது. நான் போன அன்றைக்கு மழை தூரத்தில் இருந்தது. காயலின் அந்தப் பாதி சாம்பல், இந்தப் பாதி வெள்ளி. நடுவில் ஒரு வள்ளம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுபோல் நின்றது. கமிஷன் பேச வந்தவன் பார்க்கக்கூடாத காட்சி.

வர்க்கிச் சேட்டன் ஐம்பது வயதுக்காரர். கனத்த உடம்பு. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின. தூக்கமே வராத மனுஷர் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் தமிழ்க் கம்பெனிகளுக்காக அவர் வைத்திருந்த தமிழை எடுத்தார்.

"இரிக்கு, மோனே. கொசுத்திரி அல்லே? எத்ர சதமானம் தரும்?"

"அஞ்சு" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

"அஞ்சோ!" என்று சிரித்தார். "பம்பாய்க்காரன் பத்து சொல்லியாச்சு. எனக்கு பன்னெண்டு வேணும். சரி, அது போகட்டே. ஊணு கழிஞ்ஞு பேசலாம். உண்ணாமெ கச்சவடம் பேசக்கூடாது."

வியாபாரம் பேச வந்தவனைச் சாப்பாட்டுக்கு உட்கார வைக்கிறார் என்றால் பாதி ஜெயித்த மாதிரி என்று எனக்குத் தோன்றியது. உள்ளேயிருந்து அவருடைய அக்கா அன்னம்மச் சேச்சி எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையும் முண்டும், இடுப்பில் சாவிக்கொத்து. கல்யாணம் கட்டாமல் ஏஜென்சியைக் கட்டிக்கொண்டவர் என்று பஜாரில் சொல்வார்கள். தம்பி பேசி முடித்துவிட்டு வந்த பிறகுதான் அந்த அம்மாள் பேச ஆரம்பிப்பாராம்.

"பட்டரு குட்டியாணு" என்று, அதாவது தமிழ்ப் பிராமணப் பையன் என்று, தம்பியிடம் சொன்னார். "மீன் தொடாத பாத்திரம் எடுக்கணும்."

எடுத்தார். அவித்த கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, காந்தாரி மிளகாயைத் தேங்காயெண்ணெயில் நசுக்கிய சம்மந்தித் துவையல், மோர்க்குழம்பு. கப்பையை நான் அதுவரை தெருவில் மூட்டையாகத்தான் பார்த்திருந்தேன். அது வாயில் மாவாகக் கரைவதும், அந்த மாவின் நடுவில் காந்தாரி நட்சத்திரம் மாதிரி வெடிப்பதும் எனக்குப் புதிய அனுபவம். மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். (அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.) எழுந்தபோது என் உடம்பு நான் கொண்டுவந்த உடம்பாக இல்லை. யாரோ ஒருவருடைய மூட்டையை நான் சுமந்துகொண்டு நடக்கிறமாதிரி இருந்தது.

ஆபீஸுக்குத் திரும்பினோம். மழை வந்துவிட்டிருந்தது. மழைக்கு ஒதுங்கிய கொசுவெல்லாம் உள்ளே வந்திருந்தது. சேட்டன் 'டப் டப்' என்று காலில் அடித்துக்கொண்டே, "எங்கே, நிண்டெ சரக்கு காணட்டும்" என்றார்.

சுருளில் ஒரு சிக்கல் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள் பின்னியிருக்கும். உடையாமல் பிரிப்பது ஒரு வித்தை. நான் முதல் ஜோடியை உடைத்தேன். இரண்டாவது ஜோடியையும் உடைத்தேன். மூன்றாவதில் ஒன்று முழுசாக வந்தது. தகர ஸ்டாண்டில் குத்தி, கொளுத்தி, மேஜைக்குக் கீழே வைத்தேன். புகை ஒரு நூலாக எழுந்து, மேஜையைச் சுற்றி, ஜன்னல் வரைக்கும் போய், மழையைப் பார்த்துத் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரத்தில் சேட்டன் கையைத் தூக்கியபடி நின்றார். அடிப்பதற்குக் கொசு இல்லை.

"எண்டெ கர்த்தாவே" என்றார் மெதுவாக. "காதில ஒரு பாட்டும் கேட்கலையே."

உண்மைதான். அந்த 'ங்ங்ங்' இல்லாத மட்டாஞ்சேரியை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மழை ஓட்டில் விழுகிற சத்தம், கீழே கிடங்கில் யாரோ சாக்கை இழுக்கிற சத்தம், எங்கோ ஒரு போட்டின் மணி. இவ்வளவு சத்தம் இந்த ஊரில் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. பேரத்தை ஆரம்பித்தோம்.

"பன்னெண்டு" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்து.

"அஞ்சரை" என்றேன் நான், மேஜையில் முழங்கையை ஊன்றி.

"பதினொண்ணரை."

"அஞ்சே... முக்கால்."

ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. பெரிய வியாபாரிகள் இப்படித்தான் நிதானமாகப் பேசுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். 'பதினொண்ணு' என்று அவர் சொன்னது ரொம்ப தூரத்திலிருந்து, அக்கரையிலிருந்து, கேட்டது. நான் 'ஆறு' என்றேன்.

அதன் பிறகு நடந்ததை அன்றைக்கு நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். வர்க்கிச் சேட்டன் வெண்ணெய் உருகுகிற குரலில், "ஆறு. ஆறு மதி, அதுவே போதும், மோனே. உனக்கு இல்லாததா" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். ஜன்னல் வழியாக ஒரு வள்ளம் மெதுவாக ஆபீஸுக்குள் வந்தது. அதில் அட்டைப்பெட்டியில் இருக்கிற குழந்தை உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது. மூலையில் அத்திம்பேர் ஒரு யானைமேல் இருந்தபடி, "பேஷ், விச்சு!" என்றார். யானைக்குத் தலை இடிக்காதா என்று ஒரு கணம் எனக்குக் கவலை வந்தது. மற்றபடி எதிலும் சந்தேகம் தோன்றவில்லை. அது மாடி என்பதுகூடத் தோன்றவில்லை. மட்டாஞ்சேரியில் மழைக்காலத்தில் வள்ளம் எங்கே வேண்டுமானாலும் வரும்.

கண்ணைத் திறந்தபோது (அதாவது, யோசித்து முடித்தபோது) மழை நின்றிருந்தது. ஜன்னலில் மஞ்சள் வெயில். சுருளின் வெளிவட்டம் எரிந்து சாம்பலாகக் கிடந்தது. எதிரே வர்க்கிச் சேட்டன் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமி, மிகுந்த கம்பீரத்தோடு கையை நீட்டினார்.

"அப்போ, அப்படித்தன்னெ!" என்றார்.

"அப்படியே!" என்றேன். கையைக் குலுக்கினோம்.

கீழே இறங்கி நேராகத் தபாலாபீஸுக்குப் போய் மதுரைக்குத் தந்தி கொடுத்தேன். ஆறுக்கு முடிந்தது. விச்சு. கௌண்டரில் இருந்த பெண் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். வெற்றி பெற்றவன் முகம் அப்படித்தான் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"கோந்தே, கன்னத்துல என்னடா அது? ஜிலேபியாட்டமா?"

கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னத்தில் வட்டம் வட்டமாக ஒரு முழுக் கொசுவர்த்திச் சுருள் அச்சாகப் பதிந்திருந்தது.

"வியாபாரம்னா இப்படித்தான் இருக்கும்மா" என்றேன்.

அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். பாலஸ் ரோட்டில் நடந்தால் தெருவே எனக்கு வழிவிடுவதுபோல் இருந்தது. விசிட்டிங் கார்டு அச்சடிக்கக் கொடுத்தேன். அத்திம்பேரின் பதில் தந்தி வந்தது: முதல் லோடு லாரியில் ஏறிவிட்டது, அக்காவோடு தானும் வியாழக்கிழமை வருகிறாராம். தேவரா இன்டர்வியூவும் அதே வியாழக்கிழமைதான். அப்பாவிடம், "அந்த டைப்பிஸ்ட் வேலையை யாராவது கஷ்டப்படற பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கோ" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அம்மா பால் பாயசம் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை பஜார் ரோட்டில் லாரி வந்து நின்றது. குறுக்கே நின்றதால் இரண்டு பக்கமும் கைவண்டிகள் தேங்கின. சுமை தூக்கும் தொழிலாளிகள் வந்து பெட்டிகளை மளமளவென்று இறக்கி ரோட்டோரத்தில் அடுக்கினார்கள். அவர்கள் இறக்கிய சரக்கைத் திருப்பி ஏற்றுவதென்றால் அதற்கு வேறு கூலி. லாரி போய்விட்டது. அத்திம்பேர் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, கையில் திருநெல்வேலி அல்வாப் பொட்டலத்தோடு, எனக்கு முன்னால் படியேறினார்.

மேலே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். டை, கறுப்புப் பெட்டி, பளபளக்கும் ஷூ. பம்பாய்க் கம்பெனிக்காரர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. வர்க்கிச் சேட்டன் எங்களைக் கண்டதும் எழுந்து, "வரு, வரு, இரிக்கு. முதல்ல சாயா, பின்னே சம்சாரம்" என்று உபசரித்தார்.

"சம்சாரம் வந்திருக்கா. ஆனா ஆத்துலதான் இருக்கா" என்றார் அத்திம்பேர், நெகிழ்ந்துபோய்.

(மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. இதை அவருக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.)

அத்திம்பேர் அல்வாவை மேஜைமேல் வைத்தார். "பம்பாய்க்காரா பத்து தரேன்னும் நீங்க ஆறுக்கு ஒத்துண்டேளே, அந்த மனசு யாருக்கு வரும்? லோடை இறக்கியாச்சு. இனிமே நாம ஒரே குடும்பம்."

"ஆறோ?" என்றார் வர்க்கிச் சேட்டன்.

பம்பாய்க்காரர் பெட்டியை மடியில் இழுத்துக்கொண்டார். சேட்டன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. கேள்வித்தாளைப் பார்த்த பையனின் முகம் அது. பயம். அவருக்கும் தெரியவில்லை!

"ஞான் அப்படிப் பறஞ்ஞோ, மோனே?" என்று கேட்டார், யாருக்கும் கேட்காத குரலில்.

"சொன்னேளே. கண்ணுல தண்ணி வந்துதே. கை கொடுத்தேளே" என்றேன். சொல்லும்போதே எனக்கு யானை ஞாபகம் வந்தது. மாடியில் வள்ளம் எப்படி வந்தது?

"கை கொடுத்தது ஓர்மை உண்டு" என்றார் சேட்டன். "பாக்கி..." என்று கூரையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. சாவிக்கொத்தும் சேர்ந்து குலுங்குகிற சிரிப்பு. அன்னம்மச் சேச்சி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் உறக்கமாயிருந்து!" என்றார். "கப்பையும் தின்னு, திரியும் கொளுத்தி, ரெண்டும் உறங்கி. இந்தக் குட்டி மேஜையில கிடந்த திரிமேல கன்னம் வச்சு 'ஆறு... ஆறு...' என்னு சொல்லும். எண்டெ தம்பி வாய் திறந்து 'கொர்ர்' என்னு பதில் சொல்லும். 'ஆறு', 'கொர்ர்'. 'ஆறு', 'கொர்ர்'. ஞான் கதவுகிட்டே நின்னு கேட்டேன். அதாணு உங்க கமிஷன்!"

ஜன்னல் வழியாகக் காயலில் குதிக்க வேண்டும்போல இருந்தது. அத்திம்பேர் என்னைப் பார்க்கவில்லை. அல்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வர்க்கிச் சேட்டன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள் தோள் குலுங்கியது. பம்பாய்க்காரர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படியானால் நமது பத்து சதவீதம்..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

அன்னம்மச் சேச்சி கையைக் காட்டினார். "உங்க திரியும் கொளுத்திப் பார்த்தாச்சு. கொசு அங்கேதன்னெ இருந்து. நாங்களாணு இறங்கி ஓடியது." பிறகு அத்திம்பேரைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என் தம்பி பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை, உறங்கி எத்ரயோ காலமாச்சு. அன்னைக்கு அவன் உறங்கியது கண்டு எனக்கு எழுப்ப மனசு வரலை. உங்க சரக்கு எனக்கு மதி. எடுக்கிறேன்."

அத்திம்பேர் கண்ணில் உயிர் வந்தது.

"ஆனா கமிஷன் கொறே வேணம்" என்றார் சேச்சி.

"கொறையவா?" அத்திம்பேர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அம்மா, நீங்க மகாலக்ஷ்மி! ஆறுலேர்ந்தும் கொறைக்கணுங்கறேளே! சரி, உங்க இஷ்டம். அஞ்சு போட்டுக்கலாம்!"

(மலையாளத்தில் 'கொறே' என்றால் நிறைய.)

இதை அவரிடம் யார் சொல்வது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்திம்பேரின் காதுக்கருகில் குனிந்து சொன்னேன். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அதே நேரம் ஜன்னலில் முதல் துளி விழுந்தது. ரோட்டோரத்தில் அவருடைய பட்டறை முழுவதும் அட்டைப்பெட்டிகளாக அடுக்கிக் கிடந்தது. சுருள் நனைந்தால் பிறகு எரியாது. கூலிக்காகக் காத்திருந்த தொழிலாளிகள் பெட்டிகள்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருந்தார்கள். கிடங்குச் சாவி அன்னம்மச் சேச்சியின் இடுப்பில் இருந்தது.

"எவ்வளவு?" என்றார் அத்திம்பேர்.

"பதினொண்ணு. லாரிக் கூலியும் உங்களோடது."

"ஒம்பது..."

சேச்சி ஜன்னல் பக்கம் பார்த்தார். மழை அவருக்காகப் பேசியது.

"பதினொண்ணு" என்றார் அத்திம்பேர். சாவிக்கொத்து இடுப்பிலிருந்து இறங்கியது. கடைசிப் பெட்டி கிடங்குக்குள் போவதற்கும் மழை கொட்டித் தீர்ப்பதற்கும் சரியாக இருந்தது. பம்பாய்க்காரர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடிப்போனதை மேலிருந்து பார்த்தேன். பத்து தருகிறேன் என்றவர் தோற்றார், ஆறு என்றவர்கள் பதினொன்றுக்கு ஜெயித்திருந்தோம். இப்படி ஒரு வெற்றியை பி.காம். பாடத்தில் நான் எங்கும் படித்ததில்லை.

மாடிப்படி இறங்கும்போது அத்திம்பேர் கடைசிப் படியில் நின்றார்.

"விச்சு, உன் கனவுல எனக்கு லாபம் நன்னா வந்துதா?"

"யானைமேல இருந்தேள், அத்திம்பேர்."

"அப்ப அந்த லாபத்தை நீயே எடுத்துக்கோ. அதான் உன் சம்பளம்" என்றார்.

ரெப்ரசன்டேடிவ் வேலை அங்கேயே முடிந்தது. விசிட்டிங் கார்டுகளை அம்மா பல நாள் பால் கணக்கு எழுதப் பயன்படுத்தினாள். தேவராவுக்கு ஓடினேன். அங்கே கஷ்டப்படுகிற பிள்ளை ஒருவன் ஏற்கெனவே டைப் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா அதற்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நான் படகுத்துறைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள் கிடந்தேன்.

அந்த வாரக் கடைசியில் வர்க்கிச் சேட்டன் எங்கள் வாசலில் வந்து நின்றார். கண்ணுக்குக் கீழே தொங்கின பைகள் பாதியாகியிருந்தன. "சேச்சி கூப்பிடுது" என்றார்.

அன்னம்மச் சேச்சி எனக்கு வேலை கொடுத்தார். கடை கடையாகப் போய் வெண்ணிலாவைக் காட்டுகிற வேலை. நிபந்தனை ஒன்றுதான்.

"நீ வாய் திறக்க வேண்டாம்" என்றார். "கச்சவடம் ஞான் பேசிக்கும். நீ கடைக்குப் போ, ஸ்டூல்ல இரு, திரி கொளுத்து, உறங்கு. அது மதி."

எனக்கு ரோஷம் வந்தது. ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷம் சரி என்றேன். சுள்ளிக்கல்லில் முதல் கடையில் சுருளைப் பிரித்து (உடையாமல் பிரிக்கப் பழகியிருந்தேன்) கொளுத்திவிட்டு, வெட்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். விழித்தபோது என்னைச் சுற்றிக் கூட்டம். "நோக்கு, ஒரு கொசுகூட அடிக்கலை!" என்று கடைக்காரர் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டி போயிற்று. தோப்பும்படியில் தூங்கினேன். இடப்பள்ளியில் தூங்கினேன். ஒரு தடவை போட்டில் அக்கரைக்குப் போகும்போது கம்பெனிக்குச் சம்பந்தமில்லாமலே தூங்கினேன். அதிலும் ஒருவர் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டார். கொச்சி முழுக்க வெண்ணிலா விற்றதில் அத்திம்பேருக்குப் பதினொன்றும் கட்டுப்படியாயிற்று. என்னால் மட்டும் கடைசிவரை, இதுதான் என் திறமை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வர்க்கிச் சேட்டன் போய்விட்டார். சேச்சியும் போய்விட்டார். அந்த ஆபீஸ் இன்றைக்கு வெளிநாட்டார் தங்குகிற ஒரு விடுதி. ஆனால் எங்கள் குடும்பத்தில் பகல் தூக்கத்துக்குத் தூக்கம் என்ற பெயர் அன்றோடு போய்விட்டது. அக்கா ஆரம்பித்து வைத்தாள். பெண் பார்க்கப் போனாலும், நிலம் வாங்கப் போனாலும், "விச்சுவையும் அழைச்சுண்டு போங்கோ, ஒரு தலகாணியும் எடுத்துக்கோங்கோ" என்பாள். பிறகு அது சுருங்கிவிட்டது. "அவர் எங்கே?" என்று கேட்டால், "ஆறு பர்சன்ட்ல இருக்கார்" என்பார்கள். குழந்தைகளுக்கெல்லாம் அது சாதாரணத் தமிழ் வார்த்தை என்றே நினைப்பு.

போன மாதம் என் பையனின் மாமனார் சென்னையிலிருந்து போன் செய்திருக்கிறார். புதுச் சம்பந்தி. ரொம்ப மரியாதைக்காரர், பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். மத்தியானம் இரண்டரை மணி. என் பெண் வயிற்றுப் பேத்திதான் எடுத்தாள்.

"தாத்தா எங்கேம்மா?"

"தாத்தா ஆறு பர்சன்ட்ல இருக்கார்."

அவர் மிகுந்த கவலையோடு கேட்டாராம்:

"எந்த பேங்க்லம்மா போட்டிருக்கார்? நான் ஏழரைக்கு ஏற்பாடு பண்ணித் தரேன்னு சொல்லு."